தொட்டில் கொக்கி

ட்ரில் மெஷின் நின்றது. அவன் நிறுத்தவில்லை.

கூரைக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். நீலமாய் ஒரு பொறி. பிறகு இருட்டு.

நாற்காலி மேல், தூக்கிய கை தூக்கியபடி நின்றான். யாரும் திறந்து வைக்காத சிலை மாதிரி.

உயிர் இருந்தது. கரண்ட் இல்லை.

ஒயரைக் குழாய்க்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சுவருக்குள்தான் ஒளிப்பார்கள் என்று நினைத்திருந்தான். கூரைக்குள்ளும் ஓடுமென்று யார் கண்டது?

திருப்பூரில் அவனுக்கு, தைத்து வந்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பகலெல்லாம் ஊரார் ஓட்டை. இன்று சொந்தமாக ஒன்று.

விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் போனால் எல்லாரும் செய்வதை அவனும் செய்தான். ஜன்னலுக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கேயும் போயிருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி.

எதிர்வீட்டு டிவியில் ஒரு மாமியார் பளிச்சென்று அழுதுகொண்டிருந்தாள்.

முருகா, தெருவுக்கே போகட்டும்.

முருகனும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தான் போல.

மனைவி வசுமதியின் அம்மா வீட்டில் உத்தரத்தில் சேலை கட்டித் தொட்டில் போட்டிருந்தார்கள். பிள்ளை அதில் ராஜாவாகத் தூங்கினான். இங்கே கொண்டுவந்த நாளிலிருந்து தூக்கமில்லை. கடையில் வாங்கிய ஸ்டாண்டுத் தொட்டிலில் போட்டால், போலீஸ் ஜீப்பில் ஏற்றியதுபோல் கத்தினான். மடியில் போட்டால் கத்தினான். தோளில் போட்டால் காதுக்குள்ளேயே கத்தினான்.

பிள்ளையின் கத்தல் ஓயவில்லை. வசுமதியின் பேச்சுத்தான் ஓய்ந்துகொண்டே வந்தது.

மத்தியானம் சொன்னாள்.

“இன்னைக்கும் இவன் தூங்கலீன்னா, நான் என்ன பண்ணுவன்னு எனக்கே தெரியலீங்க.”

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா என்று கேட்பதுபோல் சொன்னாள்.

அதற்குத்தான் இந்தக் கொக்கி. இந்த இரவல் ட்ரில்.

மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் இறங்கியது. வீட்டு ஓனர் சென்னியப்பன். முன்பு குடியிருந்தவர்களை ஒரு காலண்டர் ஆணிக்காகக் காலி செய்ய வைத்தவர்.

அவனிடம் ஒரு வாதம் தயாராக இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்? இது சுவரல்ல, கூரை. இது ஆணியல்ல, கொக்கி.

டார்ச் போய் ஓட்டையில் நின்றது. வாதம் தொண்டை வரை வந்து, திரும்பி இறங்கிப்போனது.

“ஏனுங் தம்பி, இது ஊடா, எலி வளையா? எம்பட ஊட்லயும் சேந்து போச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னனா, இல்லீங்களா?”

அவன் காதில் அது விழவில்லை. அவன் வேறொன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அழுகை இல்லை.

எப்போது நின்றது? ‘டப்’புக்கு முன்பா, பின்பா? ட்ரில் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்கவில்லை.

படுக்கையறைக் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

“வசு.”

கதவைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

“நான் பேசிட்டிருக்கறன், நீங்க பாட்டுக்குக் கதவத் தட்டிட்டு...”

“கொஞ்சம் பேசாம இருங்கண்ணா. உள்ள சத்தம் வருதான்னு பாக்கோணும்.”

சென்னியப்பன் அவன் முகத்தில் டார்ச்சை அடித்தார். அங்கே எதைப் பார்த்தாரோ, வெளிச்சத்தைக் கீழே இறக்கிக்கொண்டார்.

வாயை மூடுடா, வாயை மூடுடா என்று இத்தனை நாளாக அவன் கெஞ்சிய பிள்ளை.

கதவில் வாயை வைத்து, “அழுடா தங்கம்” என்றான். “ஒரே ஒருக்கா அழுதுரு சாமி.”

எதிர்வீட்டு டிவி மாமியார் மட்டும் அழுதாள்.

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக ஓர் அடித்தொண்டைக் குரல்.

“இப்பத்தான் கண்ணசந்தான். அந்த வெளிச்சத்த அணைச்சுத் தொலைங்க.”

டார்ச் அணைந்தது.

அவன் நெற்றியைக் கதவில் வைத்தான். அப்படியே சரிந்து உட்கார்ந்தான். சத்தம் வெளியே வராமலிருக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

மாடியிலிருந்து ஓனரம்மா கூப்பிட்டாள். ஊருக்கே கேட்கிற குரல்.

“ஏனுங், பியூஸப் போட்டீங்களா, இல்லீங்களா?”

உள்ளே பிள்ளை லேசாகச் சிணுங்கினான்.

வெளியே இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

சிணுங்கல் அடங்கியது.

சென்னியப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, இருட்டிலேயே படியேறினார்.