கால் முளைத்த கட்டை

"கட்டை வைக்கலைன்னு ஒத்துக்கப்பா. விஷயம் இன்னிக்கே முடிஞ்சிடும்" என்றார் மேனேஜர்.

மேனேஜர் அறையில், அவருக்கு எதிரே லோடுமேன். வலது காலை நீட்டி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கதவோரத்து நாற்காலியில் அவன் மனைவி.

மூன்று மாதம் முன்பு நடந்த விபத்து. குடோனின் மூன்றாம் நம்பர் மேடையில் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. சரக்கு இறக்கும்போது வண்டி நகராமலிருக்க, சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு மரக்கட்டை வைப்பார்கள். மேடைக்கு ஒரு கட்டை, அதில் மேடையின் நம்பர்.

அன்று வண்டி நகர்ந்தது. மேடைக்கும் லாரிக்கும் நடுவில் அவன் கால் இறங்கி, முட்டி நொறுங்கியது. இனி மூட்டை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தான்.

"கட்டை இருந்தாத்தானே சார் வைக்கிறதுக்கு? எல்லா இடத்துலயும் தேடினேன், காணோம். நீங்க வேற மைக்ல அவசரப்படுத்தினீங்க. கிடைச்ச செங்கல்லை வச்சேன். அது உடைஞ்சிடுச்சு."

கம்பெனி வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காணோமா? ஏம்ப்பா, கட்டைக்குக் கால் முளைச்சிடுச்சா?"

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கணவன் மேல் முழு நம்பிக்கையும் வரவில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. உப்பு வாங்கப் போனால் சோப்போடு வருகிற மனுஷன். போன வருஷம் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த குடைகள் மட்டும் மூன்று.

"நெஜமாவே தேடினீங்களா?" என்று அவன் காதோரமாகக் கேட்டாள்.

"நீயும் இப்படிக் கேக்கறியே!"

முட்டியைவிட அந்தக் கேள்விதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

மேனேஜர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "இதோ பாரும்மா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. தொழிலாளிங்க எப்ப வேணாலும் வந்து பேசற மாதிரி மேனேஜர் ரூம் திறந்தே இருக்கணும்னு தலைமை ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்துச்சு. மத்த கிளைங்கள்ல காத்துல பறக்க விட்டுட்டாங்க. இங்க இருக்கறது ஸ்பிரிங் கதவு, விட்டா தானா சாத்திக்கும். ஆனா இந்த மூணு மாசத்துல ஒருநாள்கூட நான் சாத்த விட்டதில்ல. எல்லாம் உங்களுக்காகத்தான்!"

எந்தத் தொழிலாளியும் அதுவரை உள்ளே வந்ததில்லை என்பது வேறு விஷயம். வாசலில் கால்மிதி புத்தம் புதிதாக இருந்தது.

வக்கீல் ஒரு தாளை நகர்த்தினார். "என் கவனக்குறைவால் நடந்ததுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டு வழக்கை வாபஸ் வாங்கு. கம்பெனி பாத்து ஏதாவது செய்யும். இல்லேன்னா கால் முளைச்ச கதைய ஜட்ஜ்கிட்ட போய்ச் சொல்லு."

"எங்க வக்கீல் வந்துக்கிட்டிருக்காரு சார்..."

"அவர் வந்தா பேச்சு வளரும். வழக்கு வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

லோடுமேன் மனைவியைப் பார்த்தான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போட்டுடுங்க. மறதியில வைக்காம விட்டிருப்பீங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்தான்.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, வாசலில் நாலைந்து லோடுமேன்கள் கூடி எட்டிப் பார்த்தார்கள். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

"இவனுங்களுக்கு இங்க என்ன வேடிக்கை? அந்தக் கதவைச் சாத்தும்மா!"

அவள் எழுந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"வரமாட்டேங்குது சார்."

"குப்பைக்கூடைக்குப் பின்னால கட்டை முட்டுக் குடுத்திருக்கும். அதை எடுத்துட்டு..."

மேனேஜர் சட்டென்று நிறுத்தினார். வக்கீல் மறுபடி துடைக்கக் கழற்றிய கண்ணாடி கையிலேயே நின்றது.

அவள் கூடையை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். கதவுக்கடியில் இறுகியிருந்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். மஞ்சள் பெயிண்ட். அதன்மேல் கறுப்பில், கொட்டை எழுத்தில், 3.

மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவள் நேரே கணவனிடம் வந்து, அவன் விரலிலிருந்து பேனாவை வாங்கினாள். "என்னை மன்னிச்சிடுங்க. நீங்க தேடித்தான் இருக்கீங்க."

பிறகு கட்டையைத் தூக்கி அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

"கால் முளைச்சது நெஜந்தான் சார். எங்களுக்காகக் கதவைத் திறந்து வைக்க அதுவே இங்க நடந்து வந்திருக்கு!"