பதினாலாயிரம் காலடிகள்

நர்ஸ் என் இடது மணிக்கட்டில் ஈ.சி.ஜி. கிளிப்பை மாட்டினார். அந்த இடம் வெறுமையாக இருந்ததை என் மனைவி ஹேமலதா இன்னும் கவனிக்கவில்லை.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அங்கே விடிவதற்கு முன்பே பாரீஸிலிருந்து மகள் பூர்ணிமா போன் செய்திருக்கிறாள். அவள் வாங்கி அனுப்பிய வாட்ச், நான் நடக்கிற நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடிப்பதாக மூன்று நாளாக அவள் போனில் காட்டுகிறதாம்.

ஹேமலதா ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்கே வந்துவிட்டாள். நான் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் போண்டா.

தினமும் அங்கேதான் உட்கார்கிறேன். நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

ரிட்டையராகி இரண்டு வருடம். பதினோரு கிலோ கூடிவிட்டது. சர்க்கரை வந்தது. காலையில் எழுந்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

வாட்சில் மட்டும் நாள் தவறாமல் பதினாலாயிரம் காலடி.

சேதராப்பட்டு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்தேன். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் செய்தால் பிடித்துக்கொடுப்பேன். கமலக்கண்ணனுக்கு வேலை போனது அப்படித்தான். காலில் விழ வந்தான். நான் நகர்ந்து நின்றேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார்.

"உங்க ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கு." பிறகு என் போனில் வாட்சின் பதிவைப் பார்த்தார். முகம் மாறியது. "ஆனா இதுல இருக்கிற மாதிரி துடிச்சா, அந்த ஆளு ஒரு மாடிகூட ஏறக் கூடாது. வாட்ச் உங்க கையிலதானே இருந்துச்சு?"

சுவரில் மணி எட்டேகால்.

வைத்திக்குப்பம் செல்வாம்பாள் இந்நேரம் மீன் கூடையோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருப்பாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். முதல் நாள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்: "என் காலு எப்படியும் நடக்கத்தான போவுது. கட்டு சார்."

நேற்று வாட்சைக் கழற்றித் தரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்குகிறது என்றாள்.

நான் மீன் வாசம் போக வாட்சைத் துடைத்துவிட்டு, எத்தனை காலடி என்று பார்த்தேன்.

ஹேமலதா என் கையைப் பற்றினாள். விரல்கள் மணிக்கட்டில் நின்றன.

"வாட்ச் எங்கங்க?"

டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"வீட்ல" என்றேன். "சார்ஜ் போட்டுட்டு வந்தேன்."