முன்வரிசையில் அன்னாசி

அர்ச்சுனன் நாகசுரத்தை உதட்டில் வைத்ததுமே, முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசித் துண்டுகள். அவனைப் பார்த்தபடியே ஒன்றைக் கடித்து, சாறு வழியச் சப்புக்கொட்டினாள்.

புளிப்பைக் கண்டால் வாய் ஊறும். வாய் ஊறினால் உதட்டிலிருக்கும் சீவாளியில் காற்று நிற்காது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த தோடி பாதியில் வழுக்கி, வாத்து கத்தியதுபோல ஒரு சத்தம் வந்தது. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

"கண்ண மூடிக்கிட்டு ஊது லா," என்றது ஒரு குரல்.

"கண்ண மூடினா வாசம் வராதா?" என்றது இன்னொன்று.

பின்னால் நின்ற கிரகோரி முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. பெக்கான் நானாஸ் கோயில் திருவிழாவுக்கே மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூடிப்போன ஒரு தோட்டத்திலிருந்து புதிதாக வந்து நின்ற அர்ச்சுனனுக்கு, கிரகோரியின் தகரக் கொட்டகைதான் கடைசி இடம். அதுவும் போனால் அவனுக்கும் கப்பல்தான்.

அந்தக் கொட்டகையையும் அன்னாசி அடுக்கும் கிட்டங்கியாகக் கேட்டுக்கொண்டிருந்தார் அன்னாசி ஆலை நடத்தும் சீன முதலாளியான தவுக்கே. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால் மாதக் கடைசியில் சாவியைத் தருவதாகக் கிரகோரி ஒப்புக்கொண்டிருந்தார்.

இப்போது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சங்கீதம் கேட்க வந்த கூட்டமாக அவருக்குத் தெரியவில்லை. ஒரு வித்துவான் அவமானப்படுவதைப் பார்க்க வந்த கூட்டமாகத் தெரிந்தது.

கச்சேரி முடிந்ததும் பேச்சியம்மாளை வாசலில் மறித்தார். "நாளையிலேருந்து உள்ள வராத. அன்னாசி திங்கணும்னா ஆலையில உக்காந்து தின்னு."

"டிக்கெட்டு வாங்கிட்டுத்தான உக்காந்தேன்? வாய அடக்கத் தெரியாத ஆள மேடையில ஏத்திட்டு என்னைச் சொல்றீங்க."

"போறியா, இல்லையா?"

போனாள். மிச்சமிருந்த துண்டை அவர் முகத்துக்கு நேராகவே தின்றுவிட்டுப் போனாள்.

மேடைக்குத் திரும்பியவரிடம் அர்ச்சுனன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "விடுங்க முதலாளி. அது பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும்."

"உனக்காகத்தான்யா பேசறேன். மானம் வேணாமா?"

அர்ச்சுனன் வாத்தியத்தை உறையில் போட்டான். அவன் விரல்களில் கந்தல் சுற்றியிருந்ததைக் கிரகோரி அப்போதுதான் பார்த்தார்.

"விரல்ல என்ன?"

"முள்ளு கிழிச்சிருச்சு முதலாளி."

"கையப் பாத்துக்க. நாளைக்கு நீ ஊதுற ஊதுல ஊரே வாயடைச்சுப் போகணும்."

மறுநாள் அர்ச்சுனன் தோடியை முழுசாக வாசித்தான். ஒரு பிசிறு இல்லை. கிரகோரிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பெஞ்சுகளில் சிலரே இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள், "அந்தம்மா இன்னிக்கு இல்லியா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் அந்தச் சிலரும் வரவில்லை. தவுக்கேயின் ஆள் வந்து, கொட்டகையின் நீளத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டு போனான்.

கிரகோரி முன்வரிசையில், பேச்சியம்மாள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை விழுந்து நிற்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, டிக்கெட் கிழிக்கும் ராசம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பேச்சியம்மா வீடு எங்க இருக்கு?"

ராசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆலைக்குப் பின்னால கடைசி லயம், கடைசி வீடு. நீங்களே போய்ப் பாருங்க முதலாளி."

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டும் கை நிற்கவில்லை.

"மாதா கோயில் அந்தப் பக்கம் முதலாளி."

கிரகோரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நீ வரணும். டிக்கெட்டு வேணாம். அந்த இடம் இனிமே உனக்குத்தான்."

"வந்து சும்மா உக்காரவா?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னாசியோட."

இடிப்பு நின்றது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாப் பழுக்காததா இருந்தா தேவலை," என்று சேர்த்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் குனிந்து, "நான் வந்து கூப்பிட்டேன்னு அர்ச்சுனனுக்குத் தெரியவேணாம். ரோசக்காரன். தெரிஞ்சா உடைஞ்சு போயிருவான்," என்றார்.

பேச்சியம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அன்னாசியச் சீவ ஆரம்பிங்க. உங்க முதலாளி வந்துட்டாரு."