பொருந்தவில்லை

பத்து நாற்பதுக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

குணாவின் வலது கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் பார்த்தவனுக்கு எட்டு மாதமாக இதுதான் வேலை.

பதினொரு மணிக்குப் பாஸ்டர் வந்தார்.

சுதீர் என்று பெயர். நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கென்றே அந்த ஆஸ்பத்திரி வைத்திருந்த ஆள். கையில் பைபிள் இருக்காது. கேட்காதவர்களுக்கு ஜெபம் செய்ய மாட்டார். மூன்று வாரமாக ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார்.

“வந்ததும் அங்கதான் குந்துவியா?” என்றாள் அடுத்த கட்டில் செல்லியம்மா. “எனக்கும் கிட்னி கெட்டுத்தான் கீது, பாஸ்டரு.”

“உங்ககிட்ட வந்தா எழுந்திரிக்க வுட மாட்டீங்களேம்மா” என்றபடி குணாவின் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

குரலைத் தாழ்த்தினார்.

“தேன்மொழியம்மா உங்ககிட்ட பேசிட்டாங்களா?”

“பேசாம என்ன? நாள்பூரா பேசிக்கினுதான் கீறா.”

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நானே சொல்லிக்கிறேன்னு சொன்னாங்க. சொல்லிட்டாங்க, நல்லது. அவங்க மேல கோவப்படாதீங்க குணா. பயப்படறது தப்பில்ல.”

குணா அவரைப் பார்த்தான்.

“பொருந்தலன்னு டாக்டர் சொன்னதுக்கு அவ மேல எதுக்குக் கோவப்படணும்?”

பாஸ்டரின் பார்வை இயந்திரத்துக்குப் போனது. அதன் எண்களைப் படிக்க அவருக்குத் தெரியாது.

கிட்னி கொடுக்க மனைவி தேன்மொழியை விட்டால் அவனுக்கு ஆளில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. தங்கைக்கு வேறு ரத்த வகை. தேன்மொழியின் ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே வகை என்று தெரிந்த அன்றே வீட்டில் முடிவாகிவிட்டது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விண்ணப்பத்தை அவனே நிரப்பினான். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் அவளுக்குக் காட்டினான்.

கிட்னி கொடுப்பவரிடம் பாஸ்டர் ஒருமுறை தனியாகப் பேசுவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். குணா வெளியே பெஞ்சில் காத்திருந்தான். நாற்பது நிமிடம்.

அவள் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அன்று அவன்தான் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். “எந்த சாமியா இருந்தா என்ன பாஸ்டர். எல்லாம் ஒத்துப்போவணும்னு வேண்டிக்குங்க.” பாஸ்டர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். குணாவும் ஆமென் சொன்னான்.

நான்கு நாள் கழித்து டாக்டர் “பொருந்தல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஊர் திரும்பும் புத்தலப்பட்டு பஸ்ஸில் தேன்மொழி அழுதாள். பத்துப் பேர் பார்க்க அவளுடைய கையை அவன் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. “வுடு. நீ என்னா பண்ணுவ” என்றான். இறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

இயந்திரம் ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது.

“குடுக்க மாட்டேன்னு சொன்னவங்களுக்கும் பொருந்தலன்னுதான் சொல்வீங்களா, பாஸ்டர்?”

செல்லியம்மா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“குணா…” என்றார் பாஸ்டர். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார்.

குணாவால் எழுந்து போக முடியாது. கையில் இரண்டு ஊசி. இன்னும் மூன்றரை மணி நேரம்.

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆமென் சொல்லவில்லை.

ஒரு மணிக்குத் தேன்மொழி கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்தாள். கட்டிலருகே இருந்த ஸ்டூலைப் பார்த்து நின்றாள்.

“பாஸ்டர் வந்துட்டாரா?”

“ம்.”

“என்னா சொன்னாரு?”

“ஜெபம் பண்ணாரு.”

அவள் உட்கார்ந்தாள். அவன் கையை அசைக்கக்கூடாது என்பதால் எப்போதும் அவள்தான் ஊட்டுவாள். இட்லியைச் சின்னதாகப் பிட்டு, சட்னியில் லேசாகத் தொட்டு நீட்டினாள்.

“துன்னு மாமா. ஆறிடப் போவுது.”

அவன் வாயைத் திறந்தான். மென்றான். விழுங்கினான். இரண்டாவது துண்டைப் பிட்டுக்கொண்டிருந்தவளின் விரல்களைப் பார்த்தபடியே சொன்னான்.

“திருப்பதியில வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரி கீதாம். அங்க போயி உனக்கு இன்னொரு வாட்டி டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா, தேனு?”