செத்த பெண்ணின் நம்பர்

"ஹலோ, செத்துப்போன பொண்ணா பேசறது?"

"ஆமாடா கண்ணு. உனக்கு எப்ப தோதுப்படும்னு சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தையல்காரம்மா. எதிர்முனையில் ஏழெட்டுப் பேர் கூச்சல் போட்டுச் சிரித்துவிட்டுத் துண்டித்தார்கள்.

காலையிலிருந்து இது நாற்பத்தோராவது அழைப்பு. புதிதாக வந்திருக்கும் பேய்ப் படத்தில் பள்ளிக்கூடக் கழிவறைச் சுவரில் ஒரு செல்போன் எண் கிறுக்கியிருக்கிறதாம். அதைக் கூப்பிட்டால் செத்துப்போன பெண் ஒருத்தி எடுப்பாளாம். அது சாட்சாத் தையல்காரம்மாவின் எண்.

"நம்பரை மாத்தித் தொலைங்களேன்" என்றார் பக்கத்து மருந்துக் கடைக்காரர். அது மட்டும் அவளால் ஆகாது. ஏழு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன மகளுக்குத் தெரிந்த ஒரே எண் அது.

எதற்காகப் போனாள் என்பது அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. என்றைக்காவது ஒருநாள் கூப்பிடுவாள், அந்த நேரம் பார்த்து எந்தத் தறுதலையாவது லைனில் இருந்தால்?

நேற்றே படக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்திருந்தாள். பார்க்காமல் திட்டக் கூடாதென்று அதற்கு முன்பே கடையைச் சாத்திவிட்டுப் பகல் காட்சிக்கும் போய்வந்திருந்தாள்.

மறுபடி போன். பலமுறை கீழே விழுந்து ஸ்பீக்கர் உடைந்த போன் அது. யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

"மேடம், படக் கம்பெனியிலேருந்து பேசறேன். நீங்க குடுத்த புகார் விஷயமா..."

"வாம்மா வா. எந்தப் புண்ணியவான் என் நம்பரை எழுதினது?"

"கதை எழுதினவங்கதான். அவங்களுக்கு வேற எந்த நம்பரும் மனப்பாடமாத் தெரியாதாம் மேடம்."

"ஒரு நம்பரைக் கற்பனை பண்ணத் துப்பில்லை, இதுல பேயைக் கற்பனை பண்ண வந்துட்டாங்களாக்கும்!"

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம். "படம் பாத்தீங்களா மேடம்? எப்படி இருந்துச்சு?"

கேட்டதுதான் தாமதம், தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"படமா அது? அஞ்சு பிள்ளைங்க, எல்லாத்துக்கும் பதினாறு வயசு. செத்த பொண்ணோட வீடுன்னு தெரிஞ்சே உள்ள போகுதுங்க. ஒண்ணாவது லைட்டைப் போடுதா? ஆளுக்கொரு மூலையாப் பிரிஞ்சு போகுதுங்க, பேய்க்கு வேலை மிச்சம். கதவு கிரீச்சுங்கறப்பல்லாம் நான் கொட்டாவி விட்டேன். அந்தப் பேய் போட்டிருக்கற கவுனுக்கு ஓரம்கூட மடிச்சு அடிக்கலை!"

"நல்லதா ஒண்ணுமே இல்லையா மேடம்?"

தையல்காரம்மா யோசித்தாள். என்னதான் கோபம் இருந்தாலும் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"ஒண்ணு இருக்கு. பெரியவங்க யாருமே நம்பாதப்ப, அந்தப் பிள்ளைங்க மட்டும் ஒண்ணை ஒண்ணு நம்புதுங்க பாரு, அங்க மட்டும் நான் கொட்டாவி விடலை. அதையும் கெடுத்தாச்சு, அந்த அம்மாவைக் காட்டி."

"ஏன், அந்த அம்மாவுக்கு என்ன?"

"என்னவா? வீட்டை விட்டுக் கிளம்பற பொண்ணைப் பாத்து, 'வாசலைத் தாண்டினா நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கறேன்'னு சொல்றா. அதைக் கேட்டதுலதான் அது பேயா அலையுதாம். சுத்த அபத்தம்! பெத்தவ எவளாவது அப்படிச் சொல்வாளா?"

"ஹலோ, இருக்கியாம்மா?" என்றாள் தையல்காரம்மா.

"நீதாம்மா சொன்னே."