முழு ஓய்வு

நியாயம் அறிந்தோரே, சிதம்பரத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் 2009இல் நடந்த இந்த அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்.

சனிக்கிழமை தூக்கிய எடையைத் திங்கட்கிழமை தூக்க முடியாமல் நின்றார் பளுதூக்கும் வீராங்கனை வெண்மதி. ஓய்வு உடலை எப்படி மீட்கிறது என்று ஆராய்ந்துவந்த பயிற்சியாளர் அறிவழகன் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"மூணு வாரமா இதே கதை. ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுன?"

"சும்மாதான் சார் இருந்தேன்."

"நானும் 'முழு ஓய்வு'ன்னுதான் குறிச்சிருக்கேன். ஓய்வெடுத்தும் தேறலன்னா உன் உடம்பு அவ்ளோதான். மாநில அணிக்கு வேற ஆள எழுதிடறேன்."

"இன்னும் ஒரு வாரம் பாருங்க சார்."

"பாத்த வரைக்கும் போதும்."

பெயரை அடிக்கப் பேனா இறங்கியது. வெண்மதி அந்தக் கூடத்தில் அழைக்கக் கூடாத முறை சொல்லி, முதன்முறையாக அவரை அழைத்தார்.

"மாமா, நேத்து கடலூர்லேர்ந்து வந்த உங்க சிநேகிதருங்க பன்னெண்டு பேருக்கு மாவாட்டி, மீன் கழுவி, சோறாக்கிப் போட்டது உங்க மருமவதானே? முந்துன ரெண்டு ஞாயிறும் இதே கததான். நம்ம வூட்டுல அதுக்குப் பேருதான் சும்மா இருக்கறது."

அறிவழகன் வெண்மதியின் பெயரை விட்டுவிட்டு, 'முழு ஓய்வு' என்று தான் எழுதிய மூன்று ஞாயிறுகளையும் அடித்தார்.

ஆண்களே, ஏட்டில் அடித்தால் மட்டும் போதுமா? வருகிற ஞாயிறு அடுப்படிக்குள் நீங்கள் போங்கள்.