பானை வைக்காத வீடு

"இன்னாம்மா இது, பொங்கல் அன்னிக்கு ஓட்டல்ல பொங்கல் இல்லியா?"

பாண்டுரங்கன் கேட்டதற்கு ஓட்டல்காரக் கன்னியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இன்னிக்கு போடலீங்க. சாப்பாடு இருக்குது, வெக்கட்டுமா?" என்றாள்.

ஆறு வயது கவியாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

போளூரிலிருந்து ஒரே பைக்கில் மூன்று பேராக, அத்தனை வளைவும் ஏறி ஜமுனாமரத்தூர் வந்ததே அவளுக்காகத்தான். கார்த்திகையில் பாண்டுரங்கனின் அண்ணன் தவறிவிட்டார். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது, பொங்கல் பானை ஏற்றக்கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது கொடுத்தால் சாப்பிடலாம். ஆனால் தெரு முழுக்கப் பங்காளிகள். ஒரு வீட்டிலும் பானை ஏறவில்லை.

"பொங்கலே இல்லாம இன்னா பொங்கல்?" என்று நேற்று முழுக்க அழுதவளிடம், "மலைக்குப் போலாம், அங்க ஓட்டல்ல வாங்கித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது இங்கேயும் இல்லை.

"வுடுங்க. சாதமாவது சாப்புடட்டும்" என்றாள் மனைவி ஜெயசுதா.

சாதம் வந்தது. கவியா ஒரு வாய்கூட எடுக்கவில்லை. மூலை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே மலைக்காரப் புருஷன், பெண்டாட்டி இருவர். எதிரே காலி நாற்காலிக்கு முன்னால் ஓர் இலை. அந்தப் பெண் ஒரு தூக்கின் மூடியைத் திறந்தாள். நெய்யும் வெல்லமும் கடை முழுக்க மணத்தது.

"அப்பா, பொங்கல்!"

பாண்டுரங்கனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நெல் மண்டியில் கத்திக் கத்திப் பழகிய குரல் வேறு.

"ஏம்மா, ஆள் பாத்துதான் போடுவீங்களா? உங்க ஊர்க்காரங்கன்னா இருக்குது, கீழேருந்து வர்றவங்கன்னா இல்லியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. மூலை மேசைக்காரர் ஏதோ சொல்ல எழுந்தார். கன்னியம்மாள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"கொழந்தைக்கா கேக்கறீங்க?"

"பின்ன, எனக்கா?"

கவியா முந்திக்கொண்டாள். "எங்க வூட்ல பானை வெக்கல. பெரியப்பா செத்துட்டாரு."

"ஏய், சும்மா இரு" என்று ஜெயசுதா அதட்டினாள்.

கன்னியம்மாள் குழந்தையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு மூலை மேசைக்குப் போய் ஏதோ சொல்லிவிட்டு, அந்தத் தூக்கையே எடுத்துவந்து கவியாவின் இலையில் முழுவதையும் கவிழ்த்தாள்.

"சாப்புடு கண்ணு."

"அப்பா, அரிசி குட்டி குட்டியா இருக்குது!"

"சாமைடீ அது. மலையில அதுலதான் பொங்குவாங்க" என்றாள் ஜெயசுதா.

குழந்தை விரல் இடுக்கைக்கூட விடாமல் நக்கிச் சாப்பிட்டது. பாண்டுரங்கன் மீசையைத் தடவிக்கொண்டான். "பாத்தியா? அழுத புள்ளதான் பால் குடிக்கும். சத்தம் போட்டாதான் இங்கல்லாம் வேலை நடக்குது."

கை கழுவப் போன இடத்தில் அந்த மூலை மேசைக்காரர் நின்றிருந்தார். சின்னதம்பி என்று பெயர் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அது ஓட்டல் பொங்கல் இல்லீங்க. எங்க வூட்ல பொங்குனது."

"உங்களுதா? பின்ன ஏன் இங்க எடுத்தாந்தீங்க?"

"இந்த ஓட்டல்காரம்மாவுக்குங்க. அவங்க வூட்டுக்காரரு ஆடி மாசம் போய்ட்டாரு. இந்த வருசம் அவங்க பானை வெக்கக்கூடாது. நல்ல நாளும் அதுவுமா தனியா ஒக்காந்து சாப்புட வேணாமேன்னு நானும் பொஞ்சாதியும் எடுத்தாந்தோம். கூட்டம் கொறையட்டும், வர்றேன்னாங்க. அந்த எலை அவங்களுக்குப் போட்டதுதான்."

பாண்டுரங்கன் மூலையைத் திரும்பிப் பார்த்தான். இலை வெறுமையாகக் கிடந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. நேரே கன்னியம்மாளிடம் போனான். அந்த மண்டிக் குரலைக் காணோம்.

"தெரியாம பேசிட்டேம்மா. உங்களுக்குனு வந்தத எங்க கொழந்தைக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே. இதுக்கு நான் இன்னா சொல்றதுன்னே தெரியல" என்று கைகூப்பினான். கண் கலங்கிவிட்டது.

கன்னியம்மாள் காலித் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பானை வெக்காத வூட்டுக்குனு வந்த பொங்கலுங்க அது. சரியான வூட்டுக்குத்தான் போயிருக்குது."